போத்தலில் கொண்டுபோன தண்ணீர்

1

போன சனிக்கிழமை பாரிஸில், லா ஷப்பேல் மெட்ரோவுக்குக் கீழே, மரக்கறிப் பெட்டிகள் அடுக்கிய நடைபாதையில், முன்பின் தெரியாத இரண்டு இளைஞர்களை மறித்து வைத்துத் திட்டினேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. இருவருக்கும் இருபது வயதுதான் இருக்கும். முதுகுப்பையின் ஓரத்தில் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் செருகியிருந்தது. அவர்கள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

முதலில் பேச்சைத் தொடங்கியது அவர்கள்தான். உயரமானவன் என்னைப் பார்த்து, "வணக்கம், நலமா?" என்று தமிழில் கேட்டான். நான் பதில் வணக்கம் சொல்லவில்லை.

"இந்தப் போத்தலை வீடுகளுக்குள்ளும் கொண்டுபோகிறீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"ஆமாம் ஐயா."

"அங்கே உட்கார்ந்து இதிலிருந்து குடிப்பீர்களா?"

"தாகம் எடுத்தால் குடிப்போம்," என்றான், கேள்வியில் என்ன பிழை என்று தெரியாமல்.

அதற்குப் பிறகு நான் போட்ட சத்தம் முழுவதும் எனக்கு நினைவில்லை. வாழையிலை வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "விடுங்கோ தம்பி, மதக்காரப் பொடியள், போகட்டும்," என்று என் தோளைப் பிடித்தார். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், அந்த உயரமானவன் மிகுந்த மரியாதையோடு ஓர் அட்டையை நீட்டி, எங்கள் சபையைப் பற்றி அறிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டான்.

"நானும் உங்கட சபைதான்டா," என்றேன். தமிழில் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. நல்லது.

ஏழு வருடங்களுக்கு முன்பு அதே பட்டையைக் குத்திக்கொண்டு அதே நடைபாதையில் நின்றவன் நான். என்னிடமும் ஒரு போத்தல் இருந்தது. நீல நிறம், உலோகம், மூடியில் ஒரு வளையம். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். திட்டு வாங்க வேண்டியவன் யாரென்று ஊரில் இதை வாசிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும்.

2

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவன். அப்பா சம்பள நாளில் கைநாட்டு வைப்பார். அம்மாவுக்குத் தன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று காட்டியதே நான்தான். உயர்தரம் முடித்துக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் நின்றேன். மாலையில் இலவச ஆங்கில வகுப்பு என்று எழுதியிருந்த ஒரு கட்டடத்துக்குள் போனேன். ஆங்கிலம் படிக்கப் போனவன் ஒரு வருடத்தில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். மோர்மன் என்று உலகம் சொல்கிற சபை. யாரும் என்னை இழுக்கவில்லை. அங்கேதான் முதன்முதலாக ஒரு மனிதர் என் கையைக் குலுக்கி, என் அப்பாவின் பெயரைக் கேட்டு, அதற்குப் பிறகு "எந்தத் தோட்டம்?" என்று கேட்காமல் விட்டார்.

எங்கள் சபையில் மது இல்லை, புகை இல்லை, கோப்பி இல்லை. தேநீரும் இல்லை.

இதை வீட்டில் சொன்ன நாள் அம்மா கொழுந்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். கைவிரல்களில் கறை.

"குடிக்கக் கூடாதா? தேத்தண்ணியா? அப்ப நாங்க பறிக்கிறது பாவமாடா?"

"பறிக்கிறது பாவமில்லம்மா. குடிக்கிறதுதான்."

"நல்ல சாமிடா ஒஞ்சாமி. பறிச்சுக் குடுத்தவள விட்டுட்டு, குடிச்சவனப் புடிக்கிது."

சிரித்தார். கோபப்படவில்லை. நான்தான் அன்று கோபப்பட்டேன், அம்மாவுக்கு ஆழமான விஷயங்கள் விளங்காது என்று. பத்தொன்பது வயதில் எனக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

வீடு வீடாகப் போய்ச் சபையைப் பற்றிச் சொல்லும் இரண்டு வருட ஊழியத்துக்குப் பெயர் கொடுத்தேன். எங்கே அனுப்புவார்கள் என்று நாம் கேட்க முடியாது. கடிதம் வரும், அதில் இடம் இருக்கும். எனக்குப் பாரிஸ் என்று வந்தது. லயத்தில், எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதிப் பேர் நான் அகதியாகப் போகிறேன் என்று நினைத்தார்கள். மீதிப் பேர், அங்கே போய் நைசாக மறைந்துவிடு என்று புத்தி சொன்னார்கள்.

3

வாரம் எப்படிப் போகும் என்று பலர் கேட்பார்கள். காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். வேதம் படிப்பு, பிரெஞ்சுப் படிப்பு, பத்து மணிக்குத் தெருவில் நிற்க வேண்டும். எப்போதும் இருவர். கூட்டாளியின் கண்ணுக்கும் காதுக்கும் அப்பால் போகக்கூடாது. குளியலறை மட்டும் விலக்கு. தொலைக்காட்சி இல்லை, சினிமா இல்லை, பெண்களோடு தனியே பேச்சு இல்லை. வீட்டுக்குத் தொலைபேசி வருடத்துக்கு இரண்டே முறை. திங்கட்கிழமை ஒரு நாள் எங்களுக்கு: உடுப்புத் தோய்க்க, சாமான் வாங்க, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுத.

என் மின்னஞ்சலைத் தலவாக்கலை நெட் கடைக்காரர் அச்செடுத்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் டீச்சரிடம் கொடுப்பார். டீச்சர் எங்கள் லயத்து வாசலில் நின்று சத்தமாக வாசிப்பார். முழு லயமும் கேட்கும். அப்படிப்பட்ட கடிதத்தில் என்ன எழுத முடியும்? நலம், குளிர், ஈபிள் கோபுரம். இரண்டு வருடமும் அதையே எழுதினேன்.

என் கூட்டாளி எல்டர் ஹேன்சன், அமெரிக்காவில் உருளைக்கிழங்கு விளையும் மாநிலத்துக்காரன். ஆண் ஊழியர்கள் எல்லோரையும் பெயருக்கு முன்னால் எல்டர் என்றுதான் அழைப்பார்கள். மூப்பர் என்று அர்த்தம். ஹேன்சன் நல்லவன். ஆனால் வயிறு சரியில்லாதவன். வந்த முதல் மாதம் எங்கோ எதையோ குடித்து இரண்டு வாரம் படுத்துவிட்டான். அன்றிலிருந்து கொதிக்க வைத்த தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக்கொண்டு திரிந்தான். எனக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. தோட்டத்தில் மலையூற்றிலிருந்து பீலியில் வரும் தண்ணீர் குடித்து வளர்ந்த வயிறு. ஆனாலும் அவனுடையதைப் போலவே ஒன்று வாங்கினேன். அதைக் கையில் வைத்திருந்தால் நான் படித்தவன் போல இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். இதை எழுதவே கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

எங்களுக்கு விழுந்த பகுதி லா ஷப்பேலும் அதற்கு வடக்கே புறநகரும். நான் தமிழன் என்பதால் கொடுத்தார்கள். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறிக்கடை வைத்திருந்த குணம் அண்ணைதான் எங்களோடு முதலில் பேசியவர். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயது, நெற்றி நிறையத் திருநீறு.

"இஞ்சை வாரும் தம்பி. நெஞ்சிலை என்ன எழுதியிருக்கு? எல்டர் முத்துசாமி." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "எல்டர் எண்டால் மூத்தவர் எல்லோ? உமக்கு என்ன வயசு?"

"இருபதுண்ணே."

"இருவது வயசிலை நீர் மூத்தவர் எண்டால், அப்ப நான் ஆர்? செத்தவனோ?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஹேன்சனும் சிரித்தான், ஒன்றும் விளங்காமல்.

"முத்துசாமி... தோட்டப் பக்கமோ?"

"ஆமாண்ணே. முத்துசாமி அப்பா பேரு."

"ம்," என்றார். அந்த "ம்" எனக்குப் பழக்கமானது. கொழும்பில் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. மழை பெய்தால் உள்ளே கூப்பிடுவார். "உங்கட மதம் எனக்கு வேண்டாம், இந்தாரும், வாழைப்பழம் சாப்பிடும்," என்பார். பிரெஞ்சில் வரும் கடிதங்களை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். நான் அப்படி மின்சாரக் கட்டணக் கடிதம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பத்மா அக்கா என்னைக் கவனித்தார்.

4

பத்மா அக்கா அந்தக் கடையின் பின்பக்கத்தில் வாரத்தில் மூன்று நாள் வெங்காயம் உரித்து, கீரை கட்டிக் கொடுப்பவர். அவர் பெயரை மாற்றியிருக்கிறேன். வன்னியில் போர் முடியும்வரை இருந்து, பிறகு முகாமில் இருந்து, எப்படியோ வந்து சேர்ந்து ஒரு வருடம். நாற்பது வயதிருக்கும். கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்த ஒரு கடிதத்தை எடுத்தார்.

"தம்பி, இதையும் ஒருக்கா பாருங்கோவன்."

அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட கடிதம். காரணம் ஒன்றரைப் பக்கம். சுருக்கமாக: நீங்கள் சொல்வது பொதுப்படையானது, உங்களுக்கே நடந்தது என்று நம்பும்படியான விவரம் எதுவும் இல்லை.

"என்ன கதை சொன்னீங்க அக்கா?"

"நான் எங்கை சொன்னனான்? எழுதிக் குடுக்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார். அவர் எழுதினவர். அதைத்தான் பாடமாக்கிச் சொல்லச் சொன்னவர். மனிசன் கடை வைச்சிருந்தவர், கப்பம் கேட்டவை, வெள்ளை வானிலை ஏத்திக் கொண்டு போனவை எண்டு."

"உங்க வீட்டுக்காரர் கடை வச்சிருந்தாரா?"

"இல்லை."

அப்போது எனக்கு வந்த கோபம் நல்ல கோபம். பட்டை குத்தியவனுக்கு உரிய கோபம். அந்த எழுத்துக்காரர் ஒரே கதையைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்குக் கொடுத்திருப்பார். அதைப் படித்துப் படித்து அலுத்த அதிகாரி எல்லோரையும் பொய்யர் என்று தள்ளியிருப்பார். மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம் தருவார்கள். ரெக்கூர் என்று எங்கள் ஆட்கள் சொல்வது அதைத்தான். கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது.

"அக்கா, நடந்ததைச் சொல்லுங்க. நா எழுதித் தாரேன். எங்க சபையில ரிட்டயர் ஆன டீச்சரம்மா ஒருத்தங்க இருக்காங்க, பிரெஞ்சுக்காரம்மா. அவங்க திருத்தித் தருவாங்க. ஒங்க கதை ஒங்களோடதா இருக்கணும்."

"மதம் மாறச் சொல்லமாட்டியளே?"

"சொல்ல மாட்டேன்."

 அவர் வெங்காயப் பெட்டியின் அட்டையைக் கிழித்து முகவரியை எழுதித் தந்தார். பியர்ஃபித், வடக்குப் புறநகர். வியாழக்கிழமை மூன்று மணி.

5

பியர்ஃபித்தில் அவர் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். பெண் தனியாக இருக்கும் இடத்தில் நாங்கள் உட்காரக்கூடாது என்பதால், வீட்டுக்கார அம்மா இருக்கும் நேரமாகக் கேட்டுத்தான் போனோம். அந்த அம்மா சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

அக்கா நாற்காலி இரண்டைத் துடைத்துப் போட்டார். தான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"இவர் பவுசர் ஓட்டினவர்," என்று கணவரைப் பற்றித் தொடங்கினார். "தண்ணிப் பவுசர். சண்டையின்ரை கடைசி மூண்டு மாசம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சனம் போற இடமெல்லாம் தண்ணி குடுக்க வேணும். இயக்கத்தின்ரை வாகனம், ஆனால் இவர் இயக்கம் இல்லை. வேறை ஓட்டுறதுக்கு ஆள் இல்லை எண்டு இவரைப் பிடிச்சு விட்டவை."

நான் எழுதினேன். ஹேன்சன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஷெல் விழேக்கையும் சனம் குடத்தோடை வரிசையிலை நிக்கும். குழாயை இவர்தான் பிடிச்சு ஊத்துவார். சிலதுகள் குடம் கூட இல்லை, கையை ஏந்தும். பிள்ளையளுக்கு வாயிலை ஊத்தியிருக்கிறார்." சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் குடிச்சவை தம்பி. எந்தப் பெரிய ஆக்களும் குடிச்சவை. ஆரும் ஒண்டும் கேக்கேல்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எழுதவில்லை. வழக்குக்கு அது தேவையில்லை என்று நினைத்தேன்.

பிறகு சொன்னார்: சண்டைப் பகுதியிலிருந்து வெளியே வந்த அன்று, ராணுவச் சோதனைச் சாவடியில், இயக்க வாகனம் ஓட்டியவர்கள் முன்னால் வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். தண்ணீர் வண்டிதானே என்று நினைத்துக் கணவர் கையைத் தூக்கினார். கூட்டிக்கொண்டு போனார்கள். "நான்தான் சொன்னனான், தண்ணிதானே, சொல்லுங்கோ, பயமில்லை எண்டு." அவ்வளவுதான். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை. முகாமில் அக்காவை வந்து வந்து விசாரித்தார்கள், பவுசரில் வேறு என்ன ஏற்றினீர்கள் என்று.

எந்த எழுத்துக்காரருக்கும் கற்பனையில் வராத கதை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத கதை. இது போதும், இதை எழுதினால் நிச்சயம் என்று எனக்குத் தெரிந்தது.

அக்கா எழுந்து போய்த் தேநீர் கொண்டு வந்தார். தட்டில் இரண்டு கண்ணாடிக் கோப்பைகள், பாலூற்றி, நுரை தள்ளி. ஒரு சின்னக் கிண்ணத்தில் பிஸ்கட். கோப்பைகள் புதியவை. ஒன்றின் அடியில் விலைச் சீட்டு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன்.

"குடியுங்கோ."

ஹேன்சன் தன் பெரிய சிரிப்போடு, தமிழில், தெளிவாக, "வேண்டாம், நன்றி," என்றான். நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்த முதல் தமிழ் வாக்கியம் அது. தேநீர் தருகிறவர்களிடம் சொல்வதற்கென்றே கற்றுக்கொடுத்தது.

"எங்களுக்கு வேண்டாங்க்கா," என்றேன் நானும். "நாங்க குடிக்கிறதில்ல."

"ஒரு வாய்?"

"இல்லக்கா. ஒண்ணும் வேணாம்."

ஏன் குடிப்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மதம் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா, அதைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை. ஒன்றரை மணி நேரம் பேசியதில் தொண்டை வறண்டிருந்தது. பையிலிருந்து நீலப் போத்தலை எடுத்தேன். மூடியைத் திருகினேன். அவர் முன்னால், அவர் வீட்டில், அவர் கொண்டுவந்த தட்டுக்கு மேலாகப் போத்தலைத் தூக்கி, அண்ணாந்து குடித்தேன். ஹேன்சனும் குடித்தான்.

சமையலறையில் கிழங்கு சீவும் சத்தம் நின்றது. வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். முதன்முறையாகச் சிரித்தார்.

"தம்பி நல்ல வளர்ப்பு," என்றார். "எந்த ஊர் நீங்கள்?"

எனக்கு அந்தப் பாராட்டு பிடித்திருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. பிடித்திருந்தது.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது உட்காரவில்லை. "மிச்சத்தைப் பிறகு பாப்பம் தம்பி, எனக்கு வேலைக்கு நேரமாச்சு," என்றார். அன்று அவருக்கு வேலை இல்லை.

ஞாயிறு மாலை வாராந்த அறிக்கை கொடுக்க வேண்டும். எத்தனை வீடுகள், எத்தனை பேரோடு பேசினோம், எத்தனை மணி நேரம் சேவை. நான் சேவை என்ற கட்டத்தில் பத்மா அக்கா வீட்டுக்குப் போன இரண்டு மணி நேரத்தை எழுதினேன். அந்த வாரத்தில் எனக்குப் பிடித்த எண் அதுதான்.

6

அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். கடைக்குப் போனால் பின்பக்கத்தில் இல்லை. என் குறிப்பிலிருந்து இரண்டு பக்கம் எழுதி, சபையின் ஆசிரியை அம்மாவிடம் கொடுத்துத் திருத்தியும் வைத்துவிட்டேன். முகாமின் விவரமும் அவருடைய கையெழுத்தும் வேண்டும். எட்டாவது நாள் குணம் அண்ணையிடம் கேட்டேன்.

அவர் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நீர் அங்கை என்ன செய்துபோட்டு வந்தனீர்?"

"ஒண்ணும் செய்யலண்ணே. எழுதத்தான் போனேன்."

"அந்த வீட்டுக்கார மனிசி கடைக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சிட்டுப் போகுது. வெள்ளைக்காரன் கூட அவளின்ரை கையாலை குடிக்கேல்லையாம். தோட்டத்துப் பொடியனும் போத்தலை எடுத்தவனாம்."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் முகத்தில் என் முட்டாள்தனத்தைப் பார்த்து ஒரு சலிப்பு வந்தது.

"எங்கட ஊரிலை, அவையின்ரை வீடுகளுக்குப் பெரிய ஆக்கள் ஏதும் அலுவலாய்ப் போனால் தேத்தண்ணி குடிக்கமாட்டினம். கடையிலை சோடா வாங்குவிச்சு, போத்தலோடை குடிப்பினம். அவையின்ரை பாத்திரத்திலை வாய் வைக்கப்படாதெல்லோ. அதுதான் முறை. நீர் சோடாவுக்குப் பதில் தண்ணிப் போத்தல் கொண்டு போயிருக்கிறீர். அவ்வளவுதான்."

"அவையின்ரைன்னா... யாரோட?"

"அது உமக்கு என்னத்துக்கு?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் அவங்க யாருன்னு? அவங்க சொன்னாங்களா?"

"தெரியும்," என்றார். கத்தியை எடுத்தார். "கேட்டுத்தான் அறியவேணுமோ?"

வாழ்க்கையில் நான் ஒரு பெரிய மனிதரிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. நான் யார் என்று தெரியுமா என்று கத்தினேன். எங்கள் அப்பா சின்ன வயதில் வன்னிக்கு வயல் கூலிக்குப் போனவர். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் செம்பைக் கையில் தரமாட்டார்கள், கையை ஏந்தச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதரின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு போய் நான் இதைச் செய்தேனா? எனக்கு யாராவது சொன்னார்களா? உங்களுக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். பாரிஸுக்கு வந்தும் தெரியும். எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

ஹேன்சன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். குணம் அண்ணை கோபப்படவே இல்லை.

"உமக்கு ஆர் சொல்லுவினம்?" என்றார். "இதெல்லாம் ஆரும் சொல்லிக் குடுக்கிறேல்லைத் தம்பி."

7

அன்றே ரயில் ஏறி பியர்ஃபித்துக்குப் போனோம். வழியில் ஹேன்சனுக்கு விளக்க முயன்றேன். என் பிரெஞ்சும் அவன் பிரெஞ்சும் அதற்குப் போதவில்லை. ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்த்தேன். "ஆனால் அது சுத்தமான தண்ணீர்தானே," என்றான் அவன். பாவம். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா கதவைப் பாதி திறந்து, இடைவெளியில் நின்றார்.

"ரெக்கூர் அனுப்பியாச்சுத் தம்பி."

"யாரு எழுதினாங்க?"

"முந்தி எழுதினவர்தான்."

"அதே கடைக் கதையா?"

அவர் கதவின் பிடியை விடவில்லை.

"அக்கா, நா எழுதி வச்சிருக்கேன். பவுசர், சாவடி, எல்லாம். இத இன்னும் சேத்து அனுப்பலாம். ரெண்டு நாள் இருக்கு." தாள்களை நீட்டினேன். கை நீட்டியபடியே நின்றது.

"அண்டைக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றார் அவர். "அவர் பவுசர் ஓட்டேல்லை. கடைதான் வைச்சிருந்தவர்."

படிக்கட்டில் விளக்கு அணைந்தது. ஹேன்சன் பொத்தானை அழுத்தினான், மறுபடியும் எரிந்தது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"அக்கா, எங்க மதத்துல தேத்தண்ணி குடிக்கக் கூடாது. அதான். சத்தியமா அது மட்டுந்தான். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. தாகமா இருக்கு. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க."

அவர் முகத்தில் ஏதோ இளகியது போல ஒரு கணம் இருந்தது. பிறகு அவர் கண்கள் என் தோளுக்குக் கீழே போயின. பையின் ஓரத்தில் அது செருகியிருந்தது. அவசரத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வர எனக்குத் தோன்றவில்லை.

"உங்களிட்டைத்தான் போத்தல் இருக்கே," என்றார்.

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்து சாத்தியிருக்கலாம்.

8

மேன்முறையீடும் மறுக்கப்பட்டது. விசாரணையில் கடையின் பெயர் என்ன, எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டார்களாம், அவருக்குச் சொல்லத் தெரியவில்லையாம். நான் ஊழியம் முடித்துப் புறப்படும் வாரத்தில் குணம் அண்ணை சொன்னார். அக்கா அறையைக் காலி செய்துவிட்டார். பொண்டிப் புறநகர்ப் பக்கம் என்றார் ஒருவர், லண்டன் என்றார் இன்னொருவர். பிறகு நான் பாரிஸுக்கே திரும்பவும் படிக்க வந்து, இங்கேயே வேலையும் கிடைத்துத் தங்கிவிட்டேன். பொண்டியில் தமிழர்கள் வந்துபோகும் கடை ஒவ்வொன்றிலும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை. அவர் என்ன ஆள் என்று மட்டும் இரண்டு கடைகளில் திருப்பிக் கேட்டார்கள்.

நான் இன்னும் சபைக்குப் போகிறேன். இன்னும் தேநீர் குடிப்பதில்லை. அதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் கதை அழகாக முடியும், ஆனால் விடவில்லை. தேநீர் வேண்டாம் என்றதில் பிழையில்லை. அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரை, அவர் வீட்டுக் கிளாஸில், ஒரு வாய் கேட்டிருந்தால் போதும். ஒரு வாய். அதற்கு எந்த மதத்திலும் தடை இல்லை.

இப்போது நான் பியர்ஃபித்தில்தான் இருக்கிறேன். கிழமை நாட்களில் சரக்குக் கிடங்கு ஒன்றில் கணினி வேலை. சனிக்கிழமைகளில் வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்களுக்கு அவர்களுடைய கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கிறேன். கடைக் கதை எழுதுவதில்லை. என்னிடம் பை இருக்கிறது, போத்தல் இல்லை. எந்த வீட்டுக்குள் போனாலும், உட்கார்ந்து பேனாவைத் திறப்பதற்கு முன்பே, "குடிக்கத் தண்ணி தாங்க," என்று கேட்கிறேன். பனி கொட்டும் நாளிலும் கேட்கிறேன். தாகம் இல்லாத போதும் கேட்கிறேன்.

என் கோபம் எங்கே இருக்கிறது என்றால், இத்தனை வருடத்தில் ஒரு வீட்டில்கூட, இந்தக் குளிரில் எதற்குத் தம்பி தண்ணீர் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டவுடனேயே எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. சில வீடுகளில் உடனே எழுந்து போய், கிளாஸை இரண்டு முறை கழுவி, நிறைய ஊற்றிக் கொண்டுவந்து தருகிறார்கள். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்க்கிறார்கள். கிளாஸ் காலியானதும் வாங்கி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லத் தொடங்குகிறார்கள்.